பங்கு மருத்துவப் பணியாளர் மன்றம்: செயலரின் ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, தலைவர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, இயேசுவுக்கே புகழ்!

சென்ற ஆண்டு புனித லூக்கா திருவிழாவன்று பொறுப்பேற்ற குழு, மாதம் ஒரு கூட்டம் என்று தீர்மானித்தது. மே, ஜூன் மாதங்களில் ஆள் சேராமல் கூட்டம் நடக்கவில்லை. வராதவர்களில் அடியேனும் ஒருவன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

நடந்த கூட்டங்களில் டாக்டர் மேரி குளோரியின் வாழ்க்கையைப் படித்தோம். ஆஸ்திரேலியாவில் 1887-இல் பிறந்தவர். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் 1910-இல் பட்டம் பெற்றுக் காலின்ஸ் தெருவில் மருத்துவம் பார்த்தவர். ஆக்னஸ் மெக்லாரன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவரைப் பற்றிய சிறு நூல் ஒன்று 1915-இல் அவர் கைக்கு வந்தது. ஆண் மருத்துவரிடம் காட்ட முடியாமல் நம் நாட்டுப் பெண்கள் சாவதை அதில் படித்தார். உடனே கப்பலேறிவிடவில்லை. 1919-இல் எம்.டி.யும் முடித்து, அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான் குண்டூர் வந்து இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார்.

துறவிகள் மருத்துவத் தொழில் செய்ய அன்றைய திருச்சபைச் சட்டம் இடம் தரவில்லை. திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் தனி அனுமதி தந்ததால் கன்னியர் உடையிலேயே நோயாளிகளைப் பார்த்தார். மற்றச் சபைச் சகோதரிகள் பிரசவம் பார்க்க 1936-இல்தான் ரோம் வழிவிட்டது. 1943-இல் அவர் முன்னின்று தொடங்கிய கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கம் இன்றும் இயங்குகிறது.

காலின்ஸ் தெருவை விட்டார், சரி. ஸ்டெதஸ்கோப்பை விடவில்லையே என்று இளம் செவிலியர் ஒருவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அது நினைவில் நிற்கக் காரணம் நம் இலவச முகாம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில், ஒரு நாள் இரண்டாம் பூசை முடிந்ததும் மறைக்கல்வி அறையில் முகாம் போட்டிருந்தோம். எழுபதைத் தாண்டிய பாட்டி ஒருவர் வந்தார். சர்க்கரை ஏறிக் கிடந்தது. கேட்டதற்கு, மடியிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, பிரிக்காத மாத்திரை அட்டைகளை மேசையில் வைத்தார். நாற்பது நாளும் மாத்திரையை விட்டு ஒறுத்தல் செய்கிறாராம்! திட்ட வாய் வரவில்லை. பங்குத்தந்தையிடம் அழைத்துப் போனோம். அறுபதை நெருங்கியவருக்கே சட்டப்படி நோன்புக் கடமை முடிந்துவிடுகிறது, நோயாளிக்கு அது எந்த வயதிலும் இல்லை என்று அவர் எடுத்துச் சொன்ன பிறகு, எங்கள் முன்னாலேயே ஒரு மாத்திரையை விழுங்கினார். "அப்போ பூவையாவது விட்டுடறேன் சாமி" என்றார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலும் பங்குத்தந்தை இதைச் சொன்னதற்கு மன்றத்தின் நன்றி.

முகாமில் இரத்த அழுத்தக் கருவியின் கைப்பட்டை கிழிந்து பிளாஸ்திரி ஒட்டி ஓடுகிறது. அடுத்த தவக்காலத்துக்குள் புதியது வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலர்