பிரின்ஸ்வில்லைப் பற்றி, சேகருக்கு

ராலே,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சேகர்,

மூன்று மாதமாக உனக்குப் பதில் போடாதது தப்புதான். இங்கே எல்லோரும் சௌக்கியம். பாஸ்கரன் பேத்தியின் காதுகுத்துப் படங்கள் வந்தன. அவன் தொப்பையைப் பற்றி நீ எழுதியது அத்தனையும் உண்மை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "இத்தனை தடவை முழுகின ஊரில் ஏன்டா இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள், மேட்டுக்குப் போக வேண்டியதுதானே" என்று, இங்கே வட கரோலினாவில் டார் ஆற்றங்கரையில் இருக்கிற பிரின்ஸ்வில் என்ற சின்ன ஊரை ஒரே வரியில் தள்ளிவிட்டாய். ஆறும் கரையுமாகவே சர்வீஸ் முழுக்கக் கழித்தவன் கேட்கிற கேள்வியா அது? எனக்குக் கோபமே வந்தது. அதான் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பார். டார் ஆறு பீட்மான்ட் மேட்டில் பிறந்து, ராக்கி மவுன்ட்டில் பாறைகளைத் தாண்டிக் கடலோரச் சமவெளியில் இறங்குகிறது. அதற்கப்புறம் நிலம் தாம்பாளம் மாதிரி. அதுவரை ஓடிவந்த வெள்ளம் அங்கே வேகம் குறைந்து அகலமாகப் பரவும். ஒரு கரை மேடு. அதில் டார்பரோ, 1760-ல் ஏற்பட்ட ஊர். எதிர்க்கரை சதுப்பு, அதில்தான் பிரின்ஸ்வில். நடுவே ஒரு பாலம், அவ்வளவுதான்.

அந்தப் பள்ளம் அவர்கள் விரும்பி எடுத்த இடமில்லை. 1865-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிகிற சமயம், அடிமைமுறையை எதிர்த்த வட மாநிலங்களின் படை அங்கே முகாம் போட்டது. சுற்றுப்பட்ட தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் பாதுகாப்புக்காக அதை ஒட்டிக் குடிசை போட்டார்கள். ஃப்ரீடம் ஹில் என்று பெயர் வைத்தார்கள். வெள்ளைக்காரப் பண்ணையார்கள் துரத்தவில்லை என்றால் காரணம் இரக்கமில்லை. அடிக்கடி தண்ணீர் ஏறுகிற நிலம் அவர்களுக்கு வேண்டாததாக இருந்தது, கூலிக்கு ஆளும் பக்கத்திலேயே வேண்டியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மனை வாங்கி, 1885-ல் சட்டப்படி டவுனாகப் பதிந்துகொண்டார்கள். டர்னர் பிரின்ஸ் என்ற தச்சர் ஒருவரின் பெயர்தான் ஊர்ப்பெயர். அவரும் அடிமையாகப் பிறந்தவர். கறுப்பின மக்கள் தாங்களே பதிந்துகொண்ட ஊர்களில் அமெரிக்காவிலேயே மிகப் பழையது இது என்பார்கள்.

இப்போது ஜனத்தொகை. 1990-ல் 1,652 பேர். 2000-ல் 940. 2010-ல் 2,082. 2020-ல் 1,254. இதை மட்டும் பார்த்தால் ஊர் செத்துப் பிழைத்து மறுபடி சாகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் ஆற்றை வைத்துப் பார், புரியும். 2000 கணக்கெடுப்பு நாள் ஏப்ரல் 1. ஃப்ளாய்ட் புயல் வந்தது 1999 செப்டம்பர் 16. ஏழே மாதத்துக்குள் தலை எண்ணினால், வெளியூரில் தற்காலிக டிரெய்லர் வீடுகளில் கிடந்தவர்கள் எப்படிக் கணக்கில் வருவார்கள்? அதே மாதிரி 2016 அக்டோபரில் மாத்யூ புயல், நாலாம் வருஷம் அடுத்த கணக்கு. ஜனத்தொகையை வைத்துத்தான் நிதியும் பிரதிநிதித்துவமும் வரும் என்பதால், வெள்ளம் ஒரு தடவை அடித்தாலும் நஷ்டம் பத்து வருஷத்துக்கு நீள்கிறது.

கரையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, இது உன் பாடம். ராணுவத்தின் எஞ்சினியர்ஸ் கோர் 1967-ல் சுமார் மூன்று மைல் நீளத்துக்கு மண்கரை கட்டி முடித்தது. அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் ஊருக்குள் பெருவெள்ளம் வரவில்லை. ஃப்ளாய்டுக்கு முன்னால் அதே மாதம் டென்னிஸ் புயலின் மழை மண்ணை ஊற வைத்துவிட்டுப் போயிருந்தது. மேலே ஃப்ளாய்ட் கொட்டினதும் ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. டார்பரோ அளவுகோலில் 19 அடி வந்தாலே வெள்ளநிலை. அன்று ஏறியது 41 அடிக்கு மேல். மழை நின்று மூன்றாம் நாள்தான் உச்சம், ஏனென்றால் மேட்டுத் தண்ணீர் வந்து சேர அவ்வளவு நேரம் பிடிக்கும். ஊர் பத்து நாள் போலத் தண்ணீருக்குள் கிடந்தது. கல்லறையிலிருந்து சவப்பெட்டிகள் மிதந்து வந்தன.

மாத்யூவில் 36 அடி. ஐந்து அடி குறைவு, ஆனாலும் ஊர் முழுகியது. அந்த இடத்தில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. தண்ணீர் கரையை ஏறித் தாண்டி வரவில்லை. வடக்கு முனையைச் சுற்றிக்கொண்டு வந்தது, கதவில்லாத கல்வெர்ட்டுகள் வழியாகவும் வந்தது. ஊர் மழைத்தண்ணீர் ஆற்றுக்கு வடிய வைத்த குழாய் அது. ஆறு உயர்ந்ததும் அதே குழாயில் எதிர்த் திசையில் தண்ணீர் உள்ளே பாயும். ஆற்றுப்பக்க வாயில் மேலே கீல் வைத்த ஓர் இரும்பு மூடி இருந்தால் ஆற்றின் அழுத்தமே அதைச் சாத்திவிடும். மூடி இருந்தாலும் ஒரு கட்டை சிக்கினால் போச்சு. சரியாகச் சாத்தினால் உள்ளே பெய்கிற மழைக்குப் போக்கிடம் இல்லை, பம்ப் வேண்டும். மூன்றாம் வருஷம் ஹைட்ராலிக்ஸ் லேபில் நீ திருப்பின வால்வை நினைத்துக்கொள், விளங்கும்!

சரி, ஏன் போகவில்லை? 1999-ல் மத்திய அரசு வீடுகளை வாங்கிக்கொள்கிறோம் என்றது. அப்படி வாங்கின மனையில் திரும்ப வீடு கட்ட முடியாது, நிரந்தரமாகத் திறந்தவெளிதான். இங்கொன்றும் அங்கொன்றுமாக மனை போனால் வரி போகும், வரி போனால் டவுன் போகும், 1885-ல் வாங்கின உரிமையும் கூடவே போகும். டவுன் கவுன்சில் 3-க்கு 2 என்று ஓட்டுப் போட்டு, கரையைச் சரிசெய்து கொடுங்கள் என்று கேட்டது. அதில் பிடிவாதம் எங்கே இருக்கிறது? நம் ஊரில் பட்டா வாங்கத் தலைமுறை தலைமுறையாக அலைந்தவனிடம் போய் அதைச் சொல்லிப் பார்.

அதோடு, மேட்டுக்குப் போகவே மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. மாத்யூவுக்கு அப்புறம் பக்கத்திலேயே 53 ஏக்கர் மேட்டு நிலம் வாங்கினார்கள். பழைய ஊரில் பாதி மதிப்புக்கு மேல் சேதமான வீட்டைத் திருத்த வேண்டுமானால் வெள்ளமட்டத்துக்கு மேலே தூக்கி வைத்தாக வேண்டும். அதனால் தெருவில் ஒரு வீடு ஆளுயரத் தூண்களில் நிற்கும், பக்கத்து வீடு தரையோடு தரையாகப் பூட்டிக் கிடக்கும். முழங்கால் வலிக்காரர்கள் தினமும் பத்துப் பதினைந்து படி ஏற வேண்டும்.

2020-ல் புதுக்கரை வேலைக்கு 39.6 மில்லியன் டாலர் ஒதுக்கினார்கள். கரையை உயர்த்தினால் தடுத்த தண்ணீர் எதிர்க்கரையிலோ கீழேயோ ஏறியாக வேண்டும் என்பது உனக்குத் தெரியாததா? வடக்கு முனையை எந்த மேட்டில் கொண்டுபோய் முட்ட வைப்பது, உள்தண்ணீருக்கு எத்தனை பம்ப், இதுதான் என்னைக் குடைகிறது. வரைபடமும் மட்டங்களும் தனியே அனுப்புகிறேன். நீ பார்த்துவிட்டு, போன தடவை மாதிரி ஒரு வரியில் இல்லாமல், கணக்குப் போட்டு எழுது. சரோஜாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
முரளி