கத்தியும் கள்ளிக் கொம்பும்

மக்களே,

நீ அனுப்பிய கதையை அம்மா வாசிக்க நான் கேட்டேன். என் கண்ணாடி உடைந்து கிடக்கிறது, நாகர்கோவில் போய்த்தான் மாற்ற வேண்டும். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். பெங்களூர் மழை, ஜன்னல் கம்பி, ஆறிப்போன காப்பி எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் வாசித்து முடித்ததும் அம்மா கேட்டாள்: "சரி, அந்தப் பையனுக்கு என்னதான் வேணுமாம்?" என்னிடம் பதில் இல்லை.

நான் கதை எழுதினவன் இல்லை. 30 வருஷம் வில்லுப்பாட்டில் குடம் அடித்தவன். முன்பாட்டுக்காரரான அண்ணாவி வீசுகோலால் வில்லைத் தட்டிப் பாடும்போது, நான் குடத்தை அடித்துக்கொண்டே கூட்டத்தின் முகத்தைத்தான் பார்ப்பேன். எந்த இடத்தில் கொட்டாவி வரும், எந்த இடத்தில் வெற்றிலை மடித்த கை வாய்க்குப் போகாமல் நிற்கும் என்று தெரியும். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

நீலி கதையை எடுத்துக்கொள். இசக்கியம்மன் கோயில் கொடை விழாக்களில் அம்மா மடியில் படுத்து நீ கேட்ட கதைதான். நீலி ஒரு பேய். போன பிறவியில் நகைக்காக அவளைக் கொன்றவன் இப்போது செட்டியாகப் பிறந்திருக்கிறான். அவன் உயிர் அவளுக்கு வேண்டும். அவன் கையிலோ மந்திரித்த கத்தி. அது இருக்கிறவரை கிட்ட நெருங்க முடியாது. ஒரு ஆள், ஒரு தேவை, குறுக்கே ஒரு தடை. ராத்திரி முழுக்க நாங்கள் பாடுவது இவ்வளவுதான். செட்டி ஆரம்பத்திலேயே கத்தியைத் தொலைத்திருந்தால் அரை மணி நேரத்தில் வில்லை அவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

இடத்தையும் கவனி. அவள் கள்ளிக் கொம்பை ஒடித்துக் கைக்குழந்தை ஆக்குகிறாள். கள்ளிக்காடு என்பதால் அது நடந்தது. குளச்சல் கடற்கரையாக இருந்திருந்தால் குழந்தைக்கு எங்கே போவாள்? உன் கதையில் பெங்களூரை எடுத்துவிட்டுச் சென்னையை வைத்தாலும் ஒரு வரி மாறாது மக்களே. நாடகத்துப் படுதா மாதிரி ஊர் பின்னால் தொங்குகிறது.

அப்புறம், யாருக்கு என்ன தெரியும் என்பது. இதில்தான் கூட்டம் சொக்கும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு "இவர் என் புருஷன்" என்று அவள் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அழுகிறாள். அவள் பேய் என்று நமக்குத் தெரியும், செட்டிக்கும் தெரியும். பெரியவர்களுக்குத் தெரியாது. அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துக் கத்தியைக் கேட்கிறார்கள். ஒரு வருஷம் சரியாக அந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது. மைக் செத்துவிட்டது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கிழவி, "கத்தியக் குடுத்திராதலே!" என்று அலறினாள். வருஷா வருஷம் முன்வரிசையில் இருந்து கேட்கிறவள், முடிவு அவளுக்கு மனப்பாடம். என் கை தாளம் தப்பிவிட்டது. அண்ணாவி அந்த இருட்டிலும் என்னை முறைத்தது தெரிந்தது.

கடைசிப் பத்தியில் வாழ்க்கையைப் பற்றி ஏதோ தத்துவம் எழுதியிருக்கிறாய். அம்மாவுக்குப் பிடித்திருக்கிறதாம். நான் என்றால் வெட்டிவிடுவேன்.

உன் கதை இரண்டாம் பக்கத்தில் கிடக்கிறது. ஊர் வீட்டை விற்கக் கையெழுத்துக் கேட்டு அண்ணன் அனுப்பிய தபாலை, அந்தப் பையன் பிரிக்காமல் அலமாரியில் வைக்கிறான். ஒரே வரியில் அதைத் தாண்டிப் போய் மழைக்கு இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறாய். அவன் ஏன் பிரிக்கவில்லை? இன்னும் எத்தனை நாள் பிரிக்காமல் இருக்க முடியும்? அண்ணன் ரயிலேறி வந்து கதவைத் தட்டினால்? அங்கே தொடங்கிப் பார்.

திருத்தி அனுப்பு, அதற்குள் கண்ணாடி மாற்றிவிடுகிறேன். அம்மா நெத்திலிக் கருவாடு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள். ஊர்க்காரர் யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்து விடுகிறோம்.

அன்புடன்,
அப்பா