“இறங்க வேண்டியதுதான் மிச்சம்”

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஜூன் மாத முதல் ஞாயிறன்று வெளியான தங்கள் வாரமலரின் சுற்றுலாப் பக்கத்தில், கொழும்பிலும் அயலிலும் கரையிலிருந்தே இறங்கிச் சுழியோடத்தக்க, அதாவது மூழ்கிக் கடலடியைப் பார்க்கத்தக்க, இடங்களைப் பற்றிய கட்டுரை ஒன்று இடம்பெற்றிருந்தது. அதன் கடைசி வாக்கியத்தை அப்படியே தருகிறேன்: “படகும் தேவையில்லை, பயிற்சியும் தேவையில்லை, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான் மிச்சம்.” நாற்பது ஆண்டுகளாக வெள்ளவத்தையிலும் கல்கிசையிலும் இதே கடலில் இறங்கிவருபவன் நான். அந்த வாக்கியத்தைப் படித்ததும் மனம் பதைத்தது. ஆயினும், எழுதினால் மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது என்று பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். அப்படி மடித்து வைத்தது என் பிழை. அடுத்து வந்த பொசன் போயா விடுமுறையில், என் அக்காவின் மகன், இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, அந்தப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து வைத்துக்கொண்டு கல்கிசையில் இறங்கினான்.

உயிர்காப்பாளர்கள் அவனைக் கரைசேர்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே பாறை கிழித்த இடத்தில் பதினொரு தையல். வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தபடி அவன் என்னிடம் சொன்னது இதுதான்: “மாமா, அலை அடிக்காத இடமாப் பாத்துத்தானே இறங்கினனான்.”

ஐயா, தங்கள் கட்டுரை சொல்லாமல் விட்டது முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டி மட்டும் சற்றே கறுத்து, அமைதியாகத் தெரியும். பழக்கமில்லாதவர் கண்ணுக்கு அதுதான் இறங்கும் வழியாகப் படும். கரைக்கு வந்த நீரெல்லாம் ஒன்றுசேர்ந்து கடலுக்குத் திரும்பி ஓடும் வழி அது. அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி நீந்தினால் கை சோரும். கரைக்குச் சமாந்தரமாக நீந்தி அந்தப் பட்டியை விட்டு வெளியேற வேண்டும். என் மருமகன் கரையைப் பார்த்தே நீந்தியிருக்கிறான். நீந்தத் தெரிந்த எந்தப் பிள்ளையும், எவரும் சொல்லிக்கொடுக்காவிட்டால், அதையேதான் செய்யும்.

எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் வெள்ளவத்தைக் கரையில் வலை இழுத்த ஒரு பெரியவர். 1984 இல், இருபது வயதில், புதிதாக வாங்கிய கண்ணாடியோடு தண்டவாளத்தைக் கடந்து ஓடிப்போன என்னை மறித்து, ஒரு கல்லில் இருத்தி, அலைகளை எண்ணச் சொன்னார். அலைகள் ஒரே சீராக வருவதில்லை, சிறியவை பல வந்தபின் பெரியவை சில கூட்டமாக வரும், அந்தக் கூட்டம் கடந்தபின் கிடைக்கும் இடைவெளியில்தான் இறங்கவும் ஏறவும் வேண்டும் என்பதை அரை மணி நேரம் அந்தக் கல்லில் இருந்து கற்றேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைக்காதே, முதல் அலையே பறித்துக்கொண்டு போய்விடும், கழுத்தில் தொங்கவிடு என்றார். இறங்கும் இடத்தைவிட ஏறும் இடத்தை முதலில் பார் என்றார். பள்ளிக்கூடமே அறியாத அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது, அழகிய வண்ணப் படங்களோடு வரும் தங்கள் சுற்றுலாப் பக்கத்துக்குத் தெரியாமற் போனதே என்பதுதான் என் வேதனை.

கட்டுரையில் உள்ள இடங்களுக்கு வருகிறேன். ‘கரையிலிருந்து எட்டிவிடக்கூடிய’ இடங்கள் என்ற பட்டியலில் மூழ்கிய கப்பல்களும் இருந்தன. 1917 பெப்ரவரியில், ஜேர்மனியரின் ‘வூல்ப்’ என்ற கப்பல் கொழும்புக்கு வெளியே விதைத்துச் சென்ற கடற்கண்ணிகளில் சிக்கி மூழ்கியது அந்தப் பட்டியலில் உள்ள பேர்சியஸ். அது முப்பது மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. படகில் சென்று, தகுந்த சான்றிதழும் அனுபவமும் உள்ளவர்கள் வழிகாட்டியுடன் இறங்கிப் பார்க்கும் இடம் அது. ஸ்கூபாப் பயிற்சியின் முதற்படியை முடித்தவருக்கே 18 மீற்றர்தான் எல்லை என்பது தாங்கள் அறியாததல்ல. அப்படியிருக்க, மூச்சுக்குழாயும் கண்ணாடியும் வைத்திருப்பவர் கரையிலிருந்து நீந்திப்போய்ப் பார்க்கலாம் என்ற பொருள்பட எழுதியிருப்பதை யார் படித்துப் பார்த்து அச்சுக்கு அனுப்பினார்கள்?

கொள்ளுப்பிட்டியிலிருந்து கல்கிசை வரை கடலுக்கும் ஊருக்கும் இடையே தண்டவாளம் ஓடுகிறது. அதைக் காப்பதற்காகக் கொட்டிய பெருங்கற்கள் கரையின் பெரும்பகுதியை மூடியிருக்கின்றன. பாசி படிந்த அந்தக் கற்களின் மேல் துடுப்புக் காலணியோடு நிற்கவே முடியாது. அலை அடிக்கும்போது ஏறுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மணல் தெரியும் இடைவெளிகள் சில உள்ளன. ஆனால் வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் அங்கேதான் கடலில் விழுகின்றன. நகரத்தின் கழிவுநீரைக் கடலுக்குள் கொண்டுசெல்லும் குழாய்கள் இரண்டில் ஒன்று வெள்ளவத்தையில்தான் இருக்கிறது, மற்றது வடகொழும்பில் முகத்துவாரம் என்னும் இடத்தில். மழை பெய்து இரண்டு நாள் கழிந்தாலும் அங்கே நீட்டிய கை தெரியாது. வடக்கே போனால் களனி கங்கை, தெற்கே போனால் பாணந்துறை முகத்துவாரம், அதற்கும் அப்பால் களு கங்கை. ஆற்று நீர் கலங்கி வரும் நாட்களில் இவற்றின் அயலில் கடலடியில் பார்ப்பதற்கு எதுவுமில்லை.

இவற்றையெல்லாம் கடந்து கல்கிசையில் எனக்கென்று ஒரு சிறிய இடம் இருந்தது. கரைக்குச் சமீபமாக ஒரு மணற்கற் பாறை. அதன் நிழற்பக்கத்தில் சிங்கி இறால்களின் மீசை மட்டும் வெளியே தெரியும். 2020 இல் கடலரிப்பைத் தடுக்கவென்று கடலடி மணலை இறைத்து அந்தக் கரையில் கொட்டினார்கள். அடுத்த பருவத்தில் நான் போனபோது பாறையின் முதுகு மட்டும்தான் மணலுக்கு மேலே இருந்தது. 2021 மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் எரிந்தது. ஜூன் 2 ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்து கரையொதுங்கிய, சவ்வரிசி போன்ற வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகளை நானும் என் மனைவியும் கரையில் குனிந்து பொறுக்கினோம். அதன்பின் என் கண்ணாடிப் பையின் தையல் மூலையிலிருந்தும் சிலவற்றை எடுத்தேன். தங்கள் பக்கத்தில் வந்த படத்திலோ கடல் பளிங்குபோல இருந்தது. அதில் நீந்திய மீன்களில் ஒன்றையேனும் இந்தக் கரையில் நான் கண்டதில்லை. எந்த நாட்டுக் கடல் ஐயா அது?

எல்லாவற்றிலும் பெரிய குறை மாதத்தைச் சொல்லாததுதான். மேற்குக் கரையில் கடல் அடங்கியிருப்பது ஏறத்தாழ நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை மேற்கிலிருந்து வரும் கச்சானும் தெற்கிலிருந்து வரும் சோளகமும் அடிக்கும். எங்கள் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றர்கூட இல்லை; ஆகவே வற்று நேரம் பார்த்து இறங்கித் தப்பிவிடவும் முடியாது, அலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அந்த மாதங்களில் கிழக்குக் கரையில் நிலாவெளிப் பக்கம் கடல் குளம்போலக் கிடக்கும். இதை ஒரு மீனவப் பிள்ளை ஐந்து வயதில் அறிந்திருக்கும். தாங்களோ கச்சான் உரத்து வீசும் ஜூனில் கல்கிசையில் இறங்கச் சொல்லி எழுதினீர்கள்.

கரையிலிருந்து இறங்கிப் பார்க்க விரும்புபவருக்கு வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. கோட்டையில் மாத்தறை ரயிலில் ஏறினால் நூறு கிலோமீற்றர் அளவில் ஹிக்கடுவை. 1979 இல் சரணாலயமாகவும் 2002 இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அந்தக் கடலில், முருகைக்கற் பாறைக்கு, அதாவது பவளப் பாறைக்கு, உட்புறம் இடுப்பளவு நீரிலேயே மீன்களைக் காணலாம். 1998 இல் கடல் சூடேறி முருகைக்கற்கள் வெளிறிச் செத்தபின் முன்னைய அழகு இல்லை. ஆயினும் கற்பதற்கு அதைப்போல இடம் இல்லை. இன்னும் போனால் மாத்தறையில் பொல்ஹேன. அங்கும் பாறை அலையைத் தாங்கிக்கொள்ள, உள்ளே நீர் அடங்கியிருக்கும். இரண்டும் தங்கள் கட்டுரையில் ஒரு வரியில்கூட இல்லை. கொழும்பிலிருந்து தூரம் என்று விட்டிருப்பார்கள்போலும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். கட்டுரை முழுவதும் சுழியோடிகளை ‘நீர்மூழ்கிகள்’ என்று எழுதியிருந்தது. நீர்மூழ்கி என்றால் கடற்படையின் கப்பல். சுழியோடி என்ற சொல்லைத் தங்கள் செய்திப் பக்கமே நாளாந்தம் பயன்படுத்துகிறது. என் தந்தைவழியினர் மன்னார்ப் பக்கத்தவர். முத்தெடுக்கச் சலாபம் குளித்த காலத்தைப் பற்றி அப்பம்மா சொல்லும்போது, காலில் கல்லைக் கட்டி இறங்குபவனின் கயிற்றை மைத்துனனிடம்தான் கொடுப்பார்கள், தன் தங்கையின் தாலி தன் கையில் இருக்கிறதென்று அந்த மைத்துனனுக்குத் தெரியும் என்பார். ஒருவர் கீழே போனால் ஒருவர் மேலே கண்ணிமைக்காமல் இருக்க வேண்டும். தனியே இறங்காதே என்று அதே மொழியில் ஒரு வரி எழுதத் தங்கள் கட்டுரையாளருக்கு மனம் வரவில்லை.

போர்க்காலத்தில் துடுப்புக் காலணியும் கண்ணாடியும் கொண்ட பையோடு தமிழ் இளைஞன் ஒருவன் சோதனைச்சாவடியைக் கடப்பது எத்தகைய அனுபவம் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதனாலேயே எங்கள் வீடுகளில் ஒரு தலைமுறை கடலைப் பார்த்தபடி, கடலை அறியாமல் வளர்ந்தது. இன்று எங்கள் பிள்ளைகள் ஆசையோடு இறங்குகிறார்கள். அபாய அறிவித்தற் பலகையைத் தமிழில் காணாத கரைகள் இன்னும் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதைப்பற்றி நான் தங்களுக்கு எழுதிய கடிதம் வெளிவரவில்லை, இடமின்மையாக இருக்கலாம். ஆனால் ‘நீராடச் சென்ற இளைஞர் பலி’ என்ற நான்கு வரிச் செய்திக்கு ஒவ்வோர் ஆண்டும் தங்களிடம் இடம் கிடைக்கிறது. அந்தப் பிள்ளைகள் எந்த மாதத்தில், எப்படிப்பட்ட இடத்தில் இறங்கினார்கள் என்பதை ஒருமுறையேனும் அந்தச் செய்தி சொன்னதில்லை.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. அதே சுற்றுலாப் பக்கத்தில், அதே எழுத்தளவில், நான்கு வரிகள்: மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கரையில் சுழியோட இறங்க வேண்டாம், மூழ்கிய கப்பல்கள் கரையிலிருந்து செல்லும் இடங்கள் அல்ல, எந்த மாதத்திலும் தனியே இறங்க வேண்டாம், அமைதியாகத் தெரியும் பட்டியில் இறங்க வேண்டாம். வியாழக்கிழமை என் மருமகனுக்குத் தையல் பிரிக்கிறார்கள். திருத்தம் வரும் ஞாயிறன்று இரண்டு பிரதிகள் வாங்குவேன், ஒன்று அவனுக்கு.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
க. சி.,
வெள்ளவத்தை, கொழும்பு 06.