கியர்பாக்ஸைக் கழற்றும் முன் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்

பீடோர், தாப்பா வட்டாரத்தில் வொர்க்ஷாப் நடத்தும் முதலாளிகளுக்கும், அங்கே ஸ்பானர் பிடிக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் வெளியாள் இல்லை. செம்பனைத் தோட்டத்து வொர்க்ஷாப்பில் 22 ஆண்டுகள் டிராக்டரும் லோரியும் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். வெயிலில் காருக்கு அடியில் படுத்து ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் உங்கள் உழைப்பைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. ஆனால் கோபம் இருக்கிறது. அதை மறைத்து எழுத எனக்கு வராது.

என் மகள் கேமரன் மலையில் உள்ள ரிங்லெட்டில் ஆசிரியை. ஞாயிறு மாலை தாப்பாவிலிருந்து மலை ஏறுவாள், வெள்ளிக்கிழமை இறங்குவாள். பழைய நான்கு கியர் ஆட்டோ கார். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது, ஒரு வளைவில் கார் இழுக்காமல் நின்றுவிட்டது. கியர் ‘டி’யில்தான் இருக்கிறது, காலை அழுத்தினால் இன்ஜின் மட்டும் உறுமுகிறது, பின்னால் ஒரு லோரி வந்துகொண்டிருக்கிறது. இரண்டு மூன்று வினாடி கழித்துத் தடாலென்று பிடித்துக்கொண்டது. அந்தச் சாலையில் அந்த மூன்று வினாடி எப்படி இருந்திருக்கும் என்று மலையில் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

அந்த வாரமே ஒரு வொர்க்ஷாப்பில் காட்டினாள். நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டார்கள், ‘டி’க்கும் ‘ஆர்’க்கும் மாற்றிப் பார்த்தார்கள், பத்து நிமிடத்தில் தீர்ப்பு வந்தது: “கியர்பாக்ஸ் போச்சு, ரெகோன்தான் போடணும்.” ரெகோன் என்றால் சீர்செய்த பழைய பெட்டி. 2,800 வெள்ளி. அப்பாவுக்கு எதற்குக் கவலை என்று என்னிடம் சொல்லாமல் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டாள். மூன்று மாதத்தில், புதிதாகப் போட்ட அந்த ரெகோன் பெட்டியும் அதே மலையில் அதே மாதிரி வழுக்கியது. அதற்கப்புறம்தான் எனக்கு விஷயமே தெரிந்தது.

நான் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காரை இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கினேன், வீட்டு முன்னால் சமதரையில் நிறுத்தினேன், இன்ஜின் ஓடும்போதே பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை ஒவ்வொரு இடத்திலும் ஒரு கணம் வைத்து மறுபடி ‘பி’க்குக் கொண்டுவந்து, கியர் எண்ணெயின் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவினேன். துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தேன். கம்பியின் நுனியில் மட்டும்தான் ஈரம். நிறம் சிவப்பு, தீய்ந்த வாடை இல்லை. சரி, எண்ணெய் கெடவில்லை, குறைந்திருக்கிறது. அப்படியென்றால் எங்கேயோ போகிறது. இரவு காருக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டேன். காலையில் ரேடியேட்டர் பக்கமாக ஐந்து காசு அளவில் இரண்டு சிவப்புப் பொட்டு. மேலே தடவிப் பார்த்தால், கியர் எண்ணெய், அதைக் குளிர்விக்கும் கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் காய்ந்து கல்லாகிவிட்டது, கிளிப்பில் இறுக்கமே இல்லை, அந்த இடத்தில் எண்ணெயும் செம்மண் தூசியும் சேர்ந்து களிம்பு மாதிரி அப்பிக் கிடந்தது. அது நேற்று இன்று அப்பியது இல்லை. பெட்டியை மாற்றியவர்கள் அதே பழைய ஹோஸையே மறுபடி மாட்டியிருக்கிறார்கள்.

புது ஹோஸ், இரண்டு கிளிப், ஒன்றரை லிட்டர் எண்ணெய். நூறு வெள்ளிகூட ஆகவில்லை. நான்கு மாதமாக மலை ஏறி இறங்குகிறாள், ஒரு தடவைகூட வழுக்கவில்லை.

தம்பிகளுக்காக மட்டும் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ பெட்டிக்குள் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது எண்ணெயின் அழுத்தம்தான். எண்ணெய் குறைந்தால் மேட்டில் ஏறும்போதும் வளைவில் திரும்பும்போதும் இருக்கிற கொஞ்சமும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், தட்டு வழுக்கும். நேர் ரோட்டுக்கு வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். அதனால்தான் வொர்க்ஷாப் வாசலில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. ஓட்டிப் பார்க்க வேண்டும், எங்கே வழுக்குகிறது, சூட்டிலா குளிரிலா, மேட்டிலா வளைவிலா என்று ஓட்டுபவரிடம் கேட்க வேண்டும். என் மகளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

எண்ணெயின் நிறமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் தட்டு எரிந்திருக்கிறது, அப்போது பெட்டியைக் கழற்றத்தான் வேண்டும், நானும் மறுக்கவில்லை. சிராப் பால் மாதிரி வெளுத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. நுரைத்திருந்தால் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம். எந்தக் கியரில் வைத்து அளவு பார்ப்பது என்பதையும் அந்தந்தக் காரின் புத்தகத்தில் பாருங்கள். சில பெட்டிக்கு ‘பி’, சில பெட்டிக்கு ‘என்’, சிலதில் டிப்ஸ்டிக்கே கிடையாது.

எண்ணெய் சரியாக இருந்தால் அடுத்து, கியர் கம்பியைப் பெட்டியோடு இணைக்கும் கியர் கேபிள். அதன் முனையில் உள்ள பிளாஸ்டிக் வளையமான புஷ் தேய்ந்துவிட்டால் காருக்குள்ளே கியர் கம்பி ‘டி’யைக் காட்டும், ஆனால் பெட்டிக்குள் வால்வு பாதி வழியில் நிற்கும். கியர் கம்பியை ‘டி’யில் வைத்து லேசாக முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். புஷ் போன காருக்குப் பெட்டி மாற்றிய கதையை நான் இரண்டு இடத்தில் கேட்டுவிட்டேன்.

இன்னொரு சோதனை இருக்கிறது, ஒரு காசு செலவு இல்லை. ‘டி’யில் நகராத காரை ‘எல்’லில், அதாவது லோ கியரில், போட்டுப் பாருங்கள். பழைய நான்கு கியர் பெட்டிகளில் பெரும்பாலும் ‘டி’யின் முதல் கியரை, ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் ஒன்வே கிளட்ச் பிடிக்கும், ‘எல்’லில் அதோடு பெட்டிக்குள்ளேயே இருக்கும் லோ-ரிவர்ஸ் பிரேக்கும் சேர்ந்துகொள்ளும். ‘எல்’லில் நகர்ந்து ‘டி’யில் நகராவிட்டால் ஒன்வே கிளட்ச்மேல் சந்தேகம். ‘ஆர்’ மட்டும் நன்றாகப் பிடித்து ‘டி’யும் ‘எல்’லும் வழுக்கினால் ஃபார்வர்ட் கிளட்ச் பக்கம். எதிலுமே நகராவிட்டால் எண்ணெய், பம்ப், இல்லையென்றால் சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்ட் கழன்று வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் அதைப் போட்டுப் பாருங்கள். பி0730 என்ற கோளாறுக் குறியீடு வந்தால் கியர் விகிதம் ஒத்துவரவில்லை என்றுதான் பொருள், ஏன் என்று அது சொல்லாது. அந்தக் குறியீட்டைக் காட்டி ‘பெட்டி போச்சு’ என்று சொல்லாதீர்கள்.

இதற்கெல்லாம் நேரம் ஆகும், அந்த நேரத்துக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சோதித்துப் பார்ப்பதற்கென்று ஒரு கட்டணம் எழுதிப் போடுங்கள், ஐம்பதோ எண்பதோ, கொடுக்கிறோம். வாய்ச்சொல்லாக இல்லாமல் என்ன பார்த்தீர்கள் என்று பில்லிலேயே எழுதுங்கள்: எண்ணெய் அளவு, நிறம், கேபிள், ஓட்டிப் பார்த்தது. கழற்றிய பெட்டியைக் கேட்டால் காட்டுங்கள். என் மகளின் பழைய பெட்டியை நான் தேடிப்போனபோது இரும்புக் கடைக்குப் போய்விட்டது என்றார்கள். அது உண்மையிலேயே கெட்டுப்போயிருந்ததா, இல்லை ஒன்றரை லிட்டர் எண்ணெய் ஊற்றியிருந்தால் ஓடியிருக்குமா, இனி யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அதிகம் வலிப்பது அதுதான்.

ஐந்து வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போடச் சொல்லிப் பலர் சொன்னார்கள். போகவில்லை. அந்த முதலாளியின் பிள்ளையும் என் மகளும் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். ஆனால் அடுத்து வருகிறவர் எல்லாரும் என்னை மாதிரி இருக்க மாட்டார்கள், தோட்டத்துச் சம்பளத்தில் மூவாயிரம் வெள்ளி என்பது எத்தனை மாதச் சேமிப்பு என்று உங்களுக்கே தெரியும்.

என்னிடம் 300 பிஎஸ்ஐ பிரஷர் கேஜ் ஒன்று இருக்கிறது, கியர் பெட்டியின் எண்ணெய் அழுத்தம் பார்க்க ஆகும். சனிக்கிழமை பிற்பகல் வீட்டில்தான் இருப்பேன். எந்தத் தம்பிக்கு வேண்டுமோ வந்து எடுத்துக்கொள்ளுங்கள், எந்த ஓட்டையில் மாட்டுவது என்று தெரியாவிட்டால் காரையும் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.