பேரு தெரியாத அண்ணாவுக்கு நன்றி
குன்னூர் ஆபீசுக்கும் கோத்தகிரி டீ பேக்டரிக்கும் நடுவுல ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டருங்க ஒண்ணுக்கொண்ணு வழி சொல்லிக்கிற முறை) எழும்பாம நாங்க தவிச்சப்ப, பேரு கூட சொல்லாம கூட உக்காந்து பாத்துக் குடுத்த அண்ணாவுக்கு மனசார நன்றி. ஏரியா (நெட்வொர்க் பிரிவு) நம்பர் சரி, ஹலோ (நான் இருக்கேன்னு அனுப்புற பாக்கெட்) 10 செகண்டுக்கு ஒண்ணு, டெட் (ஹலோ வரலன்னா எதிர் ரவுட்டர் போச்சுன்னு முடிவு பண்ற நேரம்) 40 செகண்ட், ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், பிங்கும் போகுது, ஆனா நெய்பர் (எதிர் ரவுட்டரோட இணைப்பு) மட்டும் எக்ஸ்ஸ்டார்ட்லயே, அதாவது டேட்டாபேஸ் பரிமாற ஆரம்பிக்கிற கட்டத்துலயே நிக்குது. அண்ணா நேரா எம்டியூவ (ஒரு பாக்கெட் இருக்கக்கூடிய அதிகபட்ச அளவு) பாருங்கன்னாரு, ஒரு பக்கம் 1500 பைட் இன்னொரு பக்கம் 1400, ஹலோ பாக்கெட்ல எம்டியூ இருக்காதாம், அடுத்து வர்ற டேட்டாபேஸ் பாக்கெட்லதான் இருக்கும், அது தன்னோடத விட பெருசா இருந்தா எதிர் ரவுட்டர் ஏத்துக்காதுன்னு பொறுமையா சொன்னாரு. எம்டியூ வித்தியாசத்த கண்டுக்காதன்னு சொல்ற இக்னோர் கமாண்ட் போட்டு மறைக்காம ரெண்டையும் சமமா வைக்க சொன்னாரு பாருங்க, அதுதான் வேலை தெரிஞ்சவங்க! உடனே நெய்பர் ஃபுல், அதாவது முழுசா சேர்ந்த நிலைக்கு வந்துடுச்சு. அண்ணா, கோத்தகிரி வந்தா கண்டிப்பா பேக்டரிக்கு வாங்க.