நில் என்று எழுதிய ரிப்போர்ட்

அன்புள்ள விஜி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் புரை ஆபரேஷன், அந்த அலைச்சலில் பதில் தள்ளிப்போனது. நல்லபடியாக முடிந்தது. இப்போது வீட்டில் இருக்கிற ஒட்டடை எல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிகிறது, காலையிலிருந்து எனக்குத்தான் திட்டு. நீ வாங்கின எருமை கன்று போட்டதா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

உன் மகள் யாழினியின் ரிப்போர்ட்டைப் போனில் அனுப்பியிருந்தாய். "கிரியாட்டினின் 0.4, யூரின்ல ஆல்புமின் நில், கிட்னி கல்லு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டாங்க" என்று கடிதத்தில் ஒரே சந்தோஷம். கிரியாட்டினின் என்கிற கழிவு ரத்தத்தில் ஏறவில்லை, ஆல்புமின் என்கிற புரதம் சிறுநீரில் நில், அதாவது இல்லை, அதனால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டாய். கிட்னியைப் பேசும்போது கல்லை இழுக்காதே என்று உனக்கு லேப் வேலைக்கு டிஎம்எல்டி படிக்கும்போதே சொல்லியிருக்கிறேன். போனில் சொன்னால் "சரிடி" என்று வைத்துவிடுவாய் என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பயப்படுகிற விஷயம் இல்லை. ஆனால் இவளுடைய பருமனால் சிறுநீரகத்துக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்ற உன் கேள்விக்கு அந்த ரிப்போர்ட் பதில் சொல்லவில்லை.

நாம் படித்த காலத்து ஸ்பிரிட் விளக்கு ஞாபகம் இருக்கிறதா? டெஸ்ட் டியூபில் முக்கால் அளவு சிறுநீர், மேல்பாதியை மட்டும் சூடு காட்டுவோம். கலங்கினால் அசெட்டிக் ஆசிட் இரண்டு சொட்டு. தெளிந்துவிட்டால் பாஸ்பேட், கலங்கியபடியே இருந்தால் புரதம். டாக்டர் ரிச்சர்ட் பிரைட் லண்டனில் 1827-ல் எழுதிவைத்ததும் ஏறக்குறைய இதைத்தான், ஒரு கரண்டி, ஒரு மெழுகுவத்தி. இப்போது சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கிற ஸ்ட்ரிப் வந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். லிட்டருக்கு 150 மில்லிகிராம் வாக்கில் ஆல்புமின் இருந்தால்தான் மஞ்சள் கட்டம் லேசாகப் பச்சைக்குத் திரும்பும். அதற்குக் கீழே கசிந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது. நில் என்று எழுதுவோம், டாக்டரும் அங்கேயே நின்றுவிடுவார்.

அந்தக் கீழே இருக்கிற கசிவைத்தான் மைக்ரோ ஆல்புமின் என்கிறோம். சிறுநீரில் இருக்கிற ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமிலிருந்து 300 வரை. இந்த ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதத்தை ஏசிஆர் என்று எழுதிக் கேட்டால்தான் வரும், சாதாரண யூரின் டெஸ்ட்டில் வராது.

ரத்தத்தில் பார்க்கிற கிரியாட்டினின் கதை இன்னும் மோசம். அது நல்ல பிள்ளை மாதிரி கடைசிவரை வாயைத் திறக்காது. பாதி வேலை போன பிறகுதான் ஏறும். அதைவிட முக்கியமான விஷயம், பருமனான பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் எண் கெடுவதில்லை, கூடுதலாக நன்றாக இருப்பதுபோல் காட்டும். யாழினி உயரம் 150 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறாய். 0.413-ஐ 150-ஆல் பெருக்கி 0.4-ஆல் வகுத்துப் பார், 155 வரும். இது ஷ்வார்ட்ஸ் என்பவர் போட்ட கணக்கு, சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டுகிற வேகம். சிறுநீரக நோய் உள்ள பிள்ளைகளை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் இவ்வளவு மேலே போகும்போது அந்த எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. ஆனால் 155-ஐப் பார்த்து "சூப்பர்" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். 140-ஐத் தாண்டினாலே இது வேகமா, அவசரமா என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு.

உன் மாமியார் காபி பில்டரில் டிகாக்ஷன் சீக்கிரம் இறங்கட்டும் என்று மேல் தட்டை அமுக்குவாரே, அதேதான். சீக்கிரம் இறங்கும், கூடவே தூளும் இறங்கும். உடம்பு பெருத்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் அதிகம் போகிறது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது, வடிகட்டிகள் வீங்குகின்றன. அந்த வடிகட்டியின் ரத்தக் குழாயை வெளியிலிருந்து காலால் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிற செல்கள் இருக்கின்றன, பாடோசைட் என்று படித்தோமே. குழாய் பெருக்கப் பெருக்க அவை இழுபட்டுத்தான் மூட வேண்டும், ஏனென்றால் அவற்றுக்குப் பெருகத் தெரியாது. ஒன்று பிய்ந்து விழுந்தால் அந்த இடத்தில் தழும்புதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்தேன். யாழினி எட்டாம் மாசத்தில் பிறந்தவள். 1.8 கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் என் உள்ளங்கை அகலத்துக்குப் படுத்திருந்தாள், நீ வெளியே நின்று அழுதாய். ஒரு சிறுநீரகத்தில் சராசரியாக 10 லட்சம் வடிகட்டிகள் என்பார்கள், ஆளுக்கு ஆள் ரொம்ப வித்தியாசப்படும். அவை உருவாவது வயிற்றுக்குள் 36 வாரம் வாக்கில் முடிந்துவிடும், பிறகு புதிதாக முளைக்காது. முன்னாலேயே, எடை குறைவாகப் பிறந்த பிள்ளைகளுக்கு எண்ணிக்கை குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். இருக்கிற கொஞ்சத்தின் தலையில் இப்போது 61 கிலோவின் வேலை. நாம் எல்லாரும் சேர்ந்துதான் ஊட்டினோம், "எடை ஏறட்டும், எடை ஏறட்டும்" என்று. நானும் வரும்போதெல்லாம் அதிரசம் தூக்கி வந்தவள்தான். உன்னைக் குறை சொல்லவில்லை.

இதெல்லாம் பெரியவளானால் பார்த்துக்கொள்ளலாம் என்று உன் வீட்டுக்காரர் சொல்வார். இஸ்ரேலில் ராணுவத்துக்கு எடுக்கும்போது 17 வயதுப் பிள்ளைகளின் எடை, உயரம் எழுதிவைப்பார்கள். அப்படி 12 லட்சம் பேரைப் பல வருஷம் கழித்துத் தேடிப் பார்த்து 2012-ல் எழுதினார்கள். அந்த வயதில் பருமனாக இருந்தவர்களில் சிறுநீரகம் முழுதாகச் செயலிழந்தவர்கள் சரியான எடையில் இருந்தவர்களைவிட ஏறக்குறைய 7 மடங்கு. சர்க்கரையால் வந்ததைக் கழித்த பிறகும் 3 மடங்குக்கு மேல். மொத்தத்தில் அப்படி ஆனவர்கள் கொஞ்சம் பேர்தான், அதையும் அவரிடம் சேர்த்தே சொல்.

எந்த டாக்டரும் ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். டைப் 2 சர்க்கரை உள்ள பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் ஏசிஆர் பார்க்கச் சொல்கிறார்கள். வெறும் பருமனுக்கு அப்படிப் பொதுவிதி இல்லை, சர்க்கரை, கொழுப்பு, ஈரல், பிபி என்றுதான் வழிகாட்டிகளில் இருக்கிறது. ஆகவே உன் டாக்டர் மேல் தப்பில்லை. ஆனால் இவள் எடை குறைவாகப் பிறந்தவள் என்பதை நீ சொன்னாயா? கழுத்துக் கருப்பைக் காட்டினாயா? கடலை மாவு போட்டுத் தேய்ப்பதை முதலில் நிறுத்து. அது அழுக்கு இல்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம்.

இப்போது என் வண்டவாளம். போன வருஷம் ஒரு 13 வயதுப் பையன் சாயங்காலம் நாலு மணிக்கு கபடி ஆடிவிட்டு நேராக வந்தான். எதையும் கேட்காமல் டப்பாவை நீட்டிவிட்டேன். ஏசிஆர் 84. அவன் அம்மா கவுன்டரிலேயே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் காலை முதல் சிறுநீர் எடுத்து வரச் சொன்னார். 9. ஓடி ஆடினால் கூடும், காய்ச்சலில் கூடும், வளர்கிற பிள்ளைகள் சிலருக்கு நின்றாலே கசியும், படுத்தால் நின்றுவிடும். இருபத்துநாலு வருஷ சர்வீஸ், ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை பார். ஜப்பானில் 1974 முதல் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் வருஷம் ஒரு முறை சிறுநீர் சோதனை. காலையில் எழுந்ததும் வீட்டிலேயே பிடித்துப் பையில் வைத்துப் பள்ளிக்கு எடுத்துப்போவார்களாம். நம் ஊர்ப் பிள்ளைகள் டப்பாவை வைத்து என்னென்ன விளையாட்டு விளையாடும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அதனால் யாழினிக்கு இப்படிச் செய். ராத்திரி படுக்குமுன் ஒரு முறை போய்வரச் சொல். காலையில் எழுந்ததும் முதலில் போவதைப் பிடிக்கவேண்டும், ஆரம்பத்தில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில். முதல் நாள் ஓட்டப் பயிற்சி, காய்ச்சல், மாதவிலக்கு எதுவும் இருக்கக் கூடாது. ஏசிஆர் 30-க்குக் கீழ் வந்தால் அடுத்த வருஷம் பார்த்தால் போதும். மேலே வந்தால் உடனே ஆட்டம் போடாதே, மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் இன்னும் இரண்டு முறை பார்த்து, மூன்றில் இரண்டு கூடுதலாக இருந்தால்தான் கணக்கு. புதிதாக கிம்-1, என்ஜிஏஎல் என்று ஏதாவது சிறுநீரகச் சோதனையை யாராவது சொன்னால் கேட்டுக்கொள், காசைக் கொடுக்காதே. பருமனான பிள்ளைகளுக்குப் பார்ப்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கிறது.

பிபி பார்க்கும்போது பட்டையைக் கவனி. அவள் கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பிபியும் ஏறிக் காட்டும். காற்று நிரம்புகிற பை கையை முக்கால்வாசிக்கு மேல் சுற்றி வரவேண்டும், பெரியவர்கள் பட்டையே தேவைப்படலாம். மாதவிலக்கு வலிக்கு நீயாகக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுப்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடு.

கசிவு இருந்தாலும் இந்தக் கட்டத்தில் திரும்புகிற வாய்ப்பு உண்டு. எடை கொஞ்சம் இறங்கினாலே அழுத்தம் குறைகிறது. வளர்கிற பிள்ளைக்குச் சில சமயம் எடை ஏறாமல் நின்றாலே போதும், உயரம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். உன் நாத்தனாரை மட்டும் அவளைத் தக்காளி என்று கூப்பிட வேண்டாம் என்று சொல். போன தடவை அப்படிக் கூப்பிட்டபோது யாழினி சிரித்தாள், ஆனால் அதன்பிறகு சாப்பிட வெளியே வரவில்லை. நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முருகன் அந்தப் பக்கம் வருகிறான். மூன்று டப்பா கொடுத்துவிடுகிறேன், மூடி இறுக்கமாக இருக்கிற வகை. அதிரசம் இந்தத் தடவை நாலுதான், ஆளுக்கு ஒன்று. அவளுக்கு இல்லை என்று ஒளித்துவைக்காதே.

எருமைக் கதையை எழுது.

அன்புடன்,
சாந்தி