மூலப் படத்தோடு ஓர் ஆண்டு: ஒளிப்படக் கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், கழக உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு கழகத்தில் நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வருகைப் பதிவேடும் கூட்டக் குறிப்புகளும் மேசையில் இருக்கின்றன, விரும்புவோர் பார்த்துக்கொள்ளலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். கழகத்தின் போக்கையே மாற்றிய ஒரு தீர்மானத்துக்குத்தான் என் நேரத்தில் பெரும்பகுதியை ஒதுக்க விரும்புகிறேன்.

திறனாய்வுக்குப் படம் கொண்டுவருகிறவர், முடித்த படத்துடன் காமிரா பதிவுசெய்த மூலக் கோப்பையும் கொண்டுவர வேண்டும். இரண்டையும் திரையில் அருகருகே வைத்துப் பார்ப்போம் என்று ஆண்டுத் தொடக்கத்தில் செயற்குழு முடிவெடுத்தது. அதுவரை முடித்த படங்களை மட்டும் பார்த்து, நன்று என்று சொல்லிக் கலைந்துகொண்டிருந்தோம். பாராட்டியவருக்கும் பாராட்டப்பட்டவருக்கும் மகிழ்ச்சி கிடைத்தது. கற்றுக்கொள்ள எதுவும் கிடைக்கவில்லை. மேடைக்கு வருமுன் ஒப்பனை அறையைத் திறந்து காட்டச் சொல்வது முறையா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வருந்தினார். அந்த வருத்தம் நியாயமானதே. ஆனாலும் அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாகத் தம் கோப்பைக் கொண்டுவந்தவரும் அவர்தான். அந்தப் பெருந்தன்மை இல்லாவிட்டால் இம்முயற்சி தொடங்கிய இடத்திலேயே நின்றிருக்கும்.

அவர் கொண்டுவந்தது கருநிழல் படிந்த நீரில் நிற்கும் வெண்கொக்கின் படம். முடித்த படத்தில் கொக்கின் உடல் வெள்ளைக் காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோல் இருந்தது. ஓர் இறகுகூடத் தனித்துத் தெரியவில்லை. திருத்தும்போது ஒளியைக் கூட்டிவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தோம். மூலக் கோப்பைத் திறந்தால் அதிலும் இறகு இல்லை. தவறு படமெடுத்த நொடியிலேயே நடந்திருந்தது. காமிராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பதைச் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொள்கிறது. படச்சட்டத்தின் பெரும்பகுதி இருண்ட நீராக இருந்ததால், அதைச் சாம்பலாக்க வேண்டிய அளவுக்கு ஒளியை உள்ளே விட்டது. கொக்கு வெந்து வெளுத்துவிட்டது. எக்ஸ்போஷரை, அதாவது பதிவாகும் ஒளியின் அளவை, ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்திருந்தால் இறகுகள் பிழைத்திருக்கும். வெள்ளைச் சுவரின் முன் வெள்ளை உடையில் ஒருவரை எடுத்தால் நடப்பது இதற்கு நேர்மாறு: சுவரும் உடையும் மங்கிச் சாம்பலாகும், அங்கே ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டியிருக்கும்.

அன்று தொடங்கிய பேச்சு அடுத்தடுத்த கூட்டங்களிலும் தொடர்ந்தது. ஹிஸ்டோகிராமைப் படிக்கத் தெரியாமலேயே பல ஆண்டுகள் படமெடுத்திருக்கிறோம் என்று பலர் மனம் திறந்து சொன்னார்கள். படத்தின் இருளை இடப்புறமும் வெளிச்சத்தை வலப்புறமும் காட்டும் அந்த வரைபடம் வலது ஓரத்தில் சுவரில் மோதியதுபோல் நின்றால் வெளிச்சப் பகுதிகள் அழிந்துவிட்டன என்று பொருள். ஒரு நுட்பத்தை இங்கே பதிவுசெய்வது அவசியம். ரா கோப்பாக, அதாவது ஒளியை உணரும் சென்சார் பதிவுசெய்த தரவை மெருகேற்றாமல் வைத்திருக்கும் கோப்பாக எடுத்தாலும், காமிராவின் பின்திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் பொதுவாக அதற்குள் இருக்கும் ஜேபெக் (காமிராவே மெருகேற்றிச் சுருக்கிய படம்) முன்தோற்றத்திலிருந்தே வரையப்படுகிறது. ஆகவே திரை எச்சரித்த பிறகும் ரா கோப்பில் கொஞ்சம் விவரம் எஞ்சியிருக்கக்கூடும். அந்த எச்சத்தை நம்பி அலட்சியமாக இருக்கவும் கூடாது.

ஜேபெக் போதாதா என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்தது. ஜேபெக்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகள். 14 பிட் ரா கோப்பில் 16,384. நீலவானம் மெல்ல வெளிறிச் செல்லும் படத்தைத் திருத்தும்போது இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரிகிறது. ஜேபெக் வானம் பட்டை பட்டையாக உடைகிறது. அப்படியென்றால் ரா இருக்கிறது, இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு தூக்கிக்கொள்ளலாம் என்று இளைஞர் சிலர் முடிவுகட்டினார்கள். அதுவும் சரியில்லை. நிழலில் விழுந்த ஒளியே சொற்பம். அதை உயர்த்தினால் இரைச்சல் எனப்படும் சொரசொரப்புப் புள்ளிகளும் கூடவே எழும். வெளிச்சப் பகுதி அழியாத எல்லை வரை ஒளியை நிறையப் பதிவுசெய்துகொள்வதே நல்லது என்பது பல கோப்புகளை ஒப்பிட்ட பிறகு எங்களுக்குக் கிடைத்த தெளிவு.

இனி கருவிகள். நீளமான லென்ஸ் ஒன்று கூர்மை தரவில்லை, மாற்றப்போகிறேன் என்று ஓர் உறுப்பினர் வந்தார். அவருடைய மூலக் கோப்புகளில் பதிந்திருந்த விவரங்களைப் பார்த்தோம். 200 மில்லிமீட்டர் குவியத் தூரம். ஷட்டர் வேகம் நொடியில் 80-இல் ஒரு பங்கு. அவருடைய காமிராவின் சென்சார் முழுச்சட்ட அளவைவிட (35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவு) சிறியது, குவியத் தூரத்தை 1.5-ஆல் பெருக்க வேண்டும். கிடைக்கும் எண்ணில் ஒரு பங்கு நொடி என்ற பழைய கணக்கின்படி, கையில் பிடித்து எடுக்க 300-இல் ஒரு பங்காவது வேண்டும். ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை உயர்த்தினால் படம் சொரசொரப்பாகிவிடும் என்ற அச்சத்தில் அவர் 200-ஐத் தாண்டியதே இல்லை. அன்றே அதே லென்ஸில் ஐஎஸ்ஓ 1600 வைத்து, ஷட்டர் வேகத்தைக் கூட்டி எடுத்தார். இமைமுடிகள் எண்ணத்தக்க அளவுக்குத் தெளிந்தன. சொரசொரப்பைத் திருத்தும்போது ஓரளவு குறைக்கலாம். கை நடுங்கிய படத்தை மீட்கும் வழி எனக்குத் தெரிந்து இல்லை. லென்ஸில் இருக்கும் அதிர்வுத் தடுப்பு நம் கையின் நடுக்கத்துக்கு உதவுமே தவிர, ஓடும் குழந்தையை நிறுத்தாது என்பதையும் அன்று செய்து பார்த்தோம்.

முக்காலி மாலை என்று நாம் பெயரிட்ட கூட்டம் ஆண்டிலேயே அதிகம் பேசப்பட்டது. ஒரே பொருள், ஒரே இடம், அசையாத முக்காலி; லென்ஸின் துளையை எஃப் 2.8 முதல் 22 வரை (எண் கூடக் கூடத் துளை சிறியது) ஒவ்வொரு படியாகச் சுருக்கி எடுத்தோம். முழுவதும் திறந்த நிலையில் மூலைகள் குழைந்தன. 5.6-க்கும் 8-க்கும் இடையில் படம் முழுக்கக் கூர்மை வந்தது. 22-இல் எல்லாமே தெளிவாகும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். துளை மிகச் சிறிதானால் ஒளியலைகள் விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் முழுவதும் சற்று மழுங்குகிறது. அதே 22-இல் எடுத்த வெறும் சுவரின் படத்தில் வேறொன்றும் தெரிந்தது: கரும்பொட்டுகள். சென்சாரின் மேல் தூசி. அன்று வந்த காமிராக்களில் தூசி இல்லாதது அரிது. ரப்பர் ஊதுபந்தால் ஊதி நீக்குவதற்குப் பயிற்சி தந்தோம். வாயால் ஊதக்கூடாது, அழுத்தக் காற்றுக் குப்பியைப் பயன்படுத்தக்கூடாது என்பதை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

அலமாரியைப் பற்றிச் சொல்லும்போது ஓர் இழப்பையும் சொல்லியாக வேண்டும். உறுப்பினர்கள் இரவல் பெற்றுச் செல்லும் பொது லென்ஸ்களில் ஒன்று பூஞ்சை பிடித்துவிட்டது. பல மாதங்கள் தோல் உறைக்குள், மூடிய அலமாரியில், யாரும் எடுக்காமல் கிடந்தது. கண்ணாடிப் பூச்சை அரித்துச் சிலந்தி வலைபோல் படர்ந்த பிறகே கவனித்தோம். இருப்பைச் சரிபார்க்கும் பொறுப்பு செயலாளருடையது. நான் அதைச் செய்யவில்லை. பொதுக்குழுவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இப்போது காற்றுப் புகாத பெட்டியும், சிலிக்கா ஜெல்லும், ஈரப்பதமானியும் வைத்திருக்கிறோம். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்துக் குறித்துவைக்கிறோம்.

புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர் கைப்பேசியில் மட்டும் படமெடுப்பவர்கள். அவர்களைத் திறனாய்வில் சேர்ப்பதா என்று செயற்குழுவில் கேள்வி வந்தது. 1975-இல் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் காமிரா 0.01 மெகாபிக்சல் படத்தை ஒலிநாடாவில் பதிவுசெய்ய 23 நொடிகள் எடுத்துக்கொண்டது. அங்கிருந்து தொடங்கிய கலையில் கருவியின் அளவைச் சொல்லி ஒருவரை வெளியே நிறுத்துவது நமக்கு அழகல்ல என்று வாதிட்டேன், குழுவும் ஏற்றது. ரா கோப்பு தரும் கைப்பேசியில் அதையும், தராததில் முதல் ஜேபெக்கையும் கொண்டுவந்தால் போதும். ஒளி எங்கிருந்து விழுகிறது என்பதைப் பார்க்கும் கண் இவர்களில் சிலருக்கு நம்மைவிடக் கூர்மையாக இருக்கிறது.

ஆண்டுக் கண்காட்சிக்கான அச்சுப்படங்கள் வந்த நாள் வேதனையானது. ஏறக்குறைய எல்லாமே இருண்டிருந்தன. அச்சகத்தைக் குறை சொல்லிக் கடிதம்கூட எழுதிவிட்டோம், நல்லவேளையாக அனுப்பவில்லை. அனுப்புமுன் அச்சுக்குக் கொடுத்த கோப்புகளின் ஹிஸ்டோகிராமைப் பார்த்தபோது, எல்லாமே இடப்புறம் சாய்ந்திருந்தது தெரிந்தது. கணினித் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்தியிருந்தோம். திரை கண்ணைக் கூசவைத்ததால் படத்தை இருட்டாக்கியிருக்கிறோம். காகிதத்துக்குத் தன் ஒளி கிடையாது. திரையின் ஒளியைச் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலா அளவுக்கும், வெண்மையை 6500 கெல்வினுக்கும் அளவுத்திருத்தம் செய்து, மறுபடி திருத்தி, மறுபடி அச்சிட்டோம். இருமடங்கு செலவு, அதன் விவரம் பொருளாளரின் கணக்கில் இருக்கிறது. இன்னொரு பாடமும் கிடைத்தது. 24 மெகாபிக்சல் படத்தில் 6000-க்கு 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 20 அங்குல அகலம் வரை நன்றாக வரும். தொலைவிலிருந்து எடுத்து, வெட்டி வெட்டி 1500 புள்ளிக்குக் குறைத்த படம் 5 அங்குலத்துக்கு மேல் தாங்காது. பறவையை வெட்டிப் பெரிதாக்குவதைவிட, அதைக் கலைக்காமல் அருகில் செல்லும் பொறுமையைப் பழகுவது மேல்.

படத்திருத்தப் பயிற்சியை இந்த ஆண்டு டார்க்டேபிள், கிம்ப் ஆகிய இலவச மென்பொருள்களிலேயே நடத்தினோம். எந்த உறுப்பினரும் மென்பொருளின் விலையால் பின்தங்கக்கூடாது என்பதே காரணம். வெண்சமநிலை (வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்வது), எக்ஸ்போஷர், மாறுபாடு, பிறகு வண்ணம், அச்சுக்கான அளவுக்குக் குறைத்தபின் கடைசியாகக் கூர்மை என்ற வரிசையை வலியுறுத்தினோம். கூர்மையை முதலிலேயே ஏற்றியவர்களின் படங்களில் விளிம்பெங்கும் வெள்ளைக் கோடு படிந்திருந்தது.

இந்த ஆண்டின் கடினமான விவாதம் போட்டி விதியைப் பற்றியது. இயற்கைப் பிரிவில் நல்ல படம் ஒன்று வந்தது; மூலக் கோப்பில் குறுக்கே ஒரு கிளை இருந்தது, முடித்த படத்தில் இல்லை. கிளைதானே, போகட்டும் என்றார்கள் சிலர். மூலக் கோப்பில் இருப்பதே மாறாத உண்மை, அதைத் தொடவே கூடாது என்றார்கள் வேறு சிலர். இரண்டாவது கருத்துக்கும் என்னால் உடன்பட முடியவில்லை. கோடக் அறிவியலாளர் பிரைஸ் பேயர் வகுத்த வண்ண வடிகட்டியின்படி, பெரும்பாலான சென்சார்களில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. மற்ற இரண்டும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கணிக்கப்படுகின்றன. கணிப்பில்லாத வண்ணப்படம் நம் கையில் கிடையாது. எனவே எல்லைக்கோட்டை வேறிடத்தில் வரைந்தோம். வந்து விழுந்த ஒளியைக் கூட்டலாம், குறைக்கலாம், சட்டத்தை வெட்டலாம். இருந்ததை அழிப்பதும் இல்லாததைச் சேர்ப்பதும் இயற்கைப் பிரிவிலும் ஆவணப் பிரிவிலும் கூடாது. செயற்கை நுண்ணறிவால் நிரப்புவதும் அதில் அடங்கும். திறந்த பிரிவில் தடையில்லை, செய்ததைச் சொல்ல வேண்டும். கிளையை நீக்கியவர் தாமே படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, கிளையோடு கூடிய மூலப் படத்தை அனுப்பினார். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் கண்காட்சியில் அந்தப் படத்தின் முன் நான் நெடுநேரம் நின்றேன்.

கடைசியாக ஒன்று. நம் உறுப்பினர் ஒருவரின் வன்தட்டு ஒரே இரவில் செயலிழந்தது. பத்தாண்டுப் படங்கள், காலமான தம் தாயின் முகம் உட்பட, அதில் மட்டுமே இருந்தன. எதையும் மீட்க முடியவில்லை. தாமாகவே எழுந்து இதைச் சொல்லி, எங்கள் எல்லோரையும் பிரதி எடுக்கச் சொன்னார். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறிடத்தில் என்ற முறையைக் கழகத்தின் எல்லாக் கோப்புகளுக்கும் அன்றே நடைமுறைப்படுத்தினோம். உறுப்பினர்கள் தங்கள் வீட்டிலும் இதைச் செய்துவிட்டார்களா என்று வரும் மாதக் கூட்டத்தில் ஒவ்வொருவரையும் கேட்கப்போகிறேன். தொந்தரவாக எண்ண வேண்டாம்.

வரும் ஆண்டில் மூலக் கோப்பு முறையைத் தொடரவும், திரை அளவுத்திருத்தக் கருவி ஒன்றைப் பொதுவில் வாங்கவும், போட்டி விதித் திருத்தத்தை நிரந்தரமாக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இம்மூன்றும் தனித்தனித் தீர்மானங்களாக வாக்கெடுப்புக்கு வரும். கண்காட்சிப் படங்களை இரண்டாம் முறை திருத்த இரவெல்லாம் உடனிருந்த உறுப்பினர்களுக்கும், முதல் கோப்பைத் திறந்து காட்டிய பெரியவருக்கும் கழகத்தின் நன்றி.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்